ஐந்தாண்டு ஊசி

ரூபவதியின் 'ஒண்ணுமில்ல'யை நம்பி அந்த வீட்டில் யாரும் ஏமாந்ததில்லை. வாய் அதைச் சொல்லும்போதே முகம் வேறொன்றைச் சொல்லிவிடும். ஒரு புருவம் மட்டும் ஏறியிருந்தால், அவளுடைய பாத்திரக் கடையிலிருந்து வாடகைக்குப் போன அண்டாவை யாரோ ஒடுக்கித் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். உதட்டை மடித்துக்கொண்டு சொன்னால், கணவர் சாம்ராஜ் அவளிடம் கேட்காமல் யாருக்கோ வாக்குக் கொடுத்திருக்கிறார். கண்ணை இடுக்கிக்கொண்டு சொன்னால் உடம்புக்கு முடியவில்லை, ஆட்டோவைக் கூப்பிட வேண்டியதுதான். முப்பது வருடக் குடித்தனம் இந்த ஏற்பாட்டில்தான் ஓடியது.

சாம்ராஜின் தங்கை ஹெப்சிபாவும் மதினியின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் தெரிந்துகொள்வாள். இத்தனைக்கும் அவள் டாக்டர். பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் முகவலி, தாடைவலிப் பிரிவுக்குத் தலைவி. நம்மவர்களிடம் வலியைக் கேட்டு வாங்குவது எப்பேர்ப்பட்ட பாடு என்பது அவளுக்குத் தெரியும். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால், குடல் வெடித்துக் கிடப்பவர் 'ரெண்டு இருக்கும்' என்பார். சுண்டுவிரல் சுளுக்கியவர் 'பதினொண்ணு' என்பார். பெண்களைக் கேட்கவே வேண்டாம். உயிர் போகிற நேரத்திலும் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்ததைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அதனால்தான் நோவுமானி வந்தபோது அதை முதலில் கொண்டாடியவர்களில் ஹெப்சிபாவும் ஒருத்தி. ஒரு கேமரா, அதன் பின்னால் ஒரு கணினி. புருவச் சுருக்கம், கண் இடுக்கம், மேலுதட்டின் இழுப்பு, தாடையின் இறுக்கம் எல்லாவற்றையும் படித்துப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லும். ஆஸ்பத்திரி வாசலில் அது பச்சை காட்டினால் பெஞ்சில் உட்கார வேண்டும். சிவப்பு காட்டினால் அவசரப் பிரிவின் கதவு தானாகத் திறக்கும். ஊர்க்காரர்கள் அதற்கு 'மூஞ்சி மிஷின்' என்று பெயர் வைத்தார்கள்.

"பொம்பளைங்க வாய நம்புனோம்னா பாதிப் பேரப் பறிகொடுத்துருவோம். மூஞ்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று அந்த நாளில் கூட்டத்துக்குக் கூட்டம் பேசினாள் ஹெப்சிபா. அவள் சொன்னது சரியாகவும் இருந்தது. எத்தனையோ பேரை மிஷின் காப்பாற்றியது.

ரூபவதிக்கு முகநரம்பு வலி வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. இடது கன்னத்தில் காற்றுப் பட்டால் போதும், கரண்ட் கம்பியைத் தொட்டதுபோலத் தாடையிலிருந்து கண் வரைக்கும் வெட்டி இழுக்கும். பல் தேய்க்க முடியாது, மெல்ல முடியாது, மூக்குத்தி உரசினாலும் உட்கார்ந்துவிடுவாள். மாத்திரை போட்டால் பாத்திரக் கடை கல்லாவிலேயே தூங்கிப்போனாள். கல்யாண வீட்டுக்காரர்கள் கரண்டிக்கும் தாம்பாளத்துக்கும் வந்து நின்று, எழுப்ப மனசில்லாமல் திரும்பிப் போனார்கள். கடைசியில் சாம்ராஜ் அவளைக் கூட்டிக்கொண்டு தங்கையிடம் வந்து நின்றார்.

"இவ அழுது நான் பாத்ததில்ல, எப்சி. நேத்து கஞ்சியக் கையில வச்சுக்கிட்டு அழுதா. பசிக்கிது, ஆனா வாயத் திறக்கப் பயமா இருக்குன்னு சொல்லுதா."

"புதுசா ஒரு ஊசி சோதனையில இருக்கு அண்ணே. நான்தான் இங்க பொறுப்பு. மதினிக்குப் போடலாம்."

"என்ன ஊசி?"

"கெட்டுப்போன டப்பா மீன் தின்னு ஆள் செத்துப்போவாங்கள்லா? அதுல இருக்க கிருமியோட நஞ்சு. போட்டுலினம்னு பேரு."

சாம்ராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "விஷத்தையா போடச் சொல்லுத?"

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு. அளவா இருந்தா நஞ்சும் மருந்துதான். ஒரு துளியில கோடியில ஒரு பங்கு. நரம்பு சொல்லுத சேதி தசைக்குப் போகாம நிப்பாட்டும், வலிச் சேதியையும் அடக்கும். பழைய ஊசி எத்தனையோ வருசமாப் போடுதோம், ஆனா மூணு நாலு மாசத்துல வேலை தீந்துரும், திரும்பத் திரும்பக் குத்தணும். இது ஒரு தடவ போட்டா அஞ்சு வருசம் நிக்கும்."

"ஏடாகூடமா ஏதும் ஆகுமா? மறைக்காமச் சொல்லு."

"அந்த நஞ்சு போட்ட இடத்தவிட்டுத் தள்ளிப் பரவுனா முழுங்க முடியாமப் போகலாம், மூச்சு இழுக்கக் கஷ்டப்படலாம். இமை தொங்கலாம். அதையெல்லாம் மொதல்ல வாராவாரம் பாத்துருவோம். அந்த விஷயத்துல இது பழசவிடப் பத்திரம். ஒண்ணே ஒண்ணு, ஒரு பக்கம் மட்டும் போட்டா வாய் கோணிரும், அதனால ரெண்டு பக்கமும் போடணும். நெத்திக்கும் சேத்து. முகம் கொஞ்சம் அசைவு கொறைஞ்சு போகும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூபவதி, கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "மூஞ்சிய வச்சு நான் என்ன சினிமாவுலயா நடிக்கப் போறேன்? போடு எப்சி."

ஊசி போட்ட இரண்டாவது வாரம் ரூபவதி முறுக்குக் கடித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு சாம்ராஜ் கல்லாவிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். அன்றைக்கு ஹெப்சிபாவுக்குத் தான் டாக்டருக்குப் படித்ததே இதற்குத்தான் என்று தோன்றியது. மதினிக்கு முன்னால் நின்று வெட்கமில்லாமல் அழுதாள்.

முகம் அசையாமல் போனதைப் போகப் போக எல்லாரும் பழகிக்கொண்டார்கள். புனேயில் இருக்கும் மகள் பிரிசில்லா மட்டும் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் "எம்மா, எம்மேல கோவமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு வீடியோவை விட்டுவிட்டு வெறும் போனில் பேசத் தொடங்கினாள். கடையில் வியாபாரம் கூடியது. பேரம் பேச வந்தவர்கள் சிரிப்பும் இல்லாத சிணுக்கமும் இல்லாத அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்ட வாடகையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாம்ராஜுக்குத்தான் சிரமம். 'ஒண்ணுமில்ல' என்று அவள் சொல்கிறாள், கூடச் சேர்ந்து வரவேண்டிய முகம் வரவில்லை. முதல் தடவையாக அவர் மனைவி சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதாயிற்று.

வீட்டுச் சுவரில் சோதனைக்காக ஒரு சின்ன நோவுமானி மாட்டியிருந்தார்கள். தினமும் காலையில் ரூபவதி அதன் முன் நிற்பாள். பூஜ்யம் என்று வரும். ஊசி போட்டுக்கொண்ட எல்லாருக்கும் எல்லா இடத்திலும் பூஜ்யம்தான். மருந்துக்காரர்கள் சார்பில் சென்னையிலிருந்து வரும் டாக்டர் நிரஞ்சன் அந்தப் பூஜ்யங்களைத் தங்கம்போல எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் முடிந்தது. பாதுகாப்புக் குழுவின் தலைவி என்ற முறையில் ஹெப்சிபா கையெழுத்துப் போட்டால், ஊசி எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் வந்துவிடும். திங்கட்கிழமை கையெழுத்து என்று முடிவாகியிருந்தது.

அதற்கு முந்தின சனிக்கிழமை சபையில் அசனம். ஊரே தேவாலய வளாகத்தில் பந்தியில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் நாள். அண்டா, குண்டான், வாளி, கரண்டி எல்லாம் ரூபவதியின் கடையிலிருந்துதான். அவள் பந்தலின் மூலையில் பாத்திரங்களுக்குக் காவலாக நின்றாள். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. பந்தலுக்கு வெளியே வேப்பங்காற்று நன்றாக வீசிக்கொண்டிருக்க, இவள் மட்டும் அடுப்புப் பக்கம், காற்றுக்கு முதுகைக் காட்டி, சேலைத் தலைப்பால் கன்னத்தைப் போர்த்திக்கொண்டு நின்றாள். பழைய பழக்கம் போக நாளாகும் என்று ஹெப்சிபா அண்ணனிடம் எப்போதோ சொல்லியிருந்தாள். அதனால் அவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

"தாடை லேசா இழுக்குது எப்சி" என்றாள் ரூபவதி, ஏதோ உப்பு கொஞ்சம் குறைவு என்பதுபோல.

ஹெப்சிபா பையிலிருந்து கையடக்க நோவுமானியை எடுத்து மதினியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். பூஜ்யம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேர்வை கூட இல்லாமல் காய்ந்திருந்தது. ஊரெல்லாம் குளித்ததுபோல் நிற்கிற வெயிலில் இதைவிட என்ன சௌக்கியம் வேண்டும்?

"ஒண்ணும் காட்டல மதினி. நின்னு நின்னு அசந்திருப்பீங்க. திங்கக்கிழம எப்படியும் ஆஸ்பத்திரிக்கு வருவீங்கள்லா, அப்பம் பாப்போம்."

"ஆமா, ஒண்ணுமில்ல. இந்தா, மூணாவது பந்திக்குக் கரண்டி பத்தாதுன்னாங்க. இதக் கொண்டு குடு."

கரண்டியை வாங்கிக்கொண்டு ஹெப்சிபா நாலெட்டு நடந்திருப்பாள். கை வழுக்கியது. கரண்டியின் காம்பு முழுக்க ஈரம். தண்ணீர்த் தொட்டி பந்தலுக்கு அந்தக் கோடியில் இருக்கிறது, காலையிலேயே துடைத்து அடுக்கிய கரண்டி இது. பிடித்திருந்த கையின் வேர்வைதான். அந்த ஊசி தசையை மட்டுமல்ல, போட்ட இடத்து வேர்வையையும் அடக்கிவிடும் என்பது அவள் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிற விஷயம். நெற்றி காய்ந்திருக்கிறது என்றால் ஊசி வேலை செய்கிறது என்றுதான் பொருள், வேறு ஒரு பொருளும் இல்லை.

திரும்பி ஓடினாள். மதினியின் கையைப் பிடித்தாள். ஐஸ்போலக் குளிர்ந்து நனைந்திருந்தது. ரவிக்கையின் முதுகு ஒட்டிக்கிடந்தது. நாடி தாறுமாறாக ஓடியது. நெஞ்சடைப்பு வரும்போது எத்தனையோ பெண்களுக்கு நெஞ்சு வலிக்காது, தாடைதான் இழுக்கும். அந்தத் தாடையைத்தான் இவள் மிஷினைக் காட்டி ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தாள். ரூபவதியின் முகமோ ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்பதுபோல அமைதியாக இருந்தது.

சாம்ராஜ் வண்டியை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே பிறகு நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நோவுமானி ரூபவதியைப் பார்த்தது. பச்சை.

"மேடம், பூஜ்யம் காட்டுது" என்றாள் வாசலில் நின்ற நர்ஸ் செண்பகவல்லி, திகைத்துப்போய். "சிவப்பு வராமக் கதவு தொறக்காது. உள்ள சொல்லிக் கையால தொறக்கச் சொல்லுதேன். ரெண்டு நிமிசம்."

ரூபவதியின் தலை சாம்ராஜின் தோளில் சாய்ந்தது. கண் மூடவில்லை, புருவம் நெளியவில்லை. தலை மட்டும் சாய்ந்தது.

ஹெப்சிபா மதினியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, தன் முகத்தைக் கேமராவுக்கு நேரே கொண்டுபோய் வைத்தாள். நடிக்கத் தேவையே இருக்கவில்லை. அவள் இருந்த நிலைமை அப்படி. திரையில் ஒன்பது என்று எண் ஏறியது, விளக்கு சிவந்தது, கதவு திறந்தது. திறந்த கதவு வழியாக மதினியை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினாள்.

இருதயக் குழாயில் அடைப்பு. எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டதற்கு இருதய டாக்டர் கையை விரித்துக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரூபவதி தலையணையில் சாய்ந்து உட்காருகிற அளவுக்குத் தேறியிருந்தாள். ஹெப்சிபா கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேலே சுற்றாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்தாள். நர்ஸ் போட்டதாகவும் ரூபவதி நிறுத்தச் சொன்னதாகவும் சாம்ராஜ் சொன்னார். அவர் வேட்டியெல்லாம் வேர்வை.

"மதினி, ஃபேன என்னத்துக்கு நிப்பாட்டச் சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல, குளுருது."

"குளுரலன்னு எனக்குத் தெரியும். கன்னத்துல காத்துப் பட்டா இன்னும் வலிக்கா?"

ரூபவதி ஜன்னலைப் பார்த்தாள். அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை. பார்க்க வேண்டிய இடம் எது என்று ஹெப்சிபாவுக்கு இப்போது தெரிந்திருந்ததால், கையைப் பார்த்தாள். அந்தக் கை போர்வையைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மொத மூணு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. பொறவு திரும்பிட்டு."

சாம்ராஜ் எழுந்து நின்றுவிட்டார். "ரெண்டு வருசமாவா? பழைய மாதிரியேவா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேன்லா. வலிக்குன்னு ஒரு நாள் சொன்னேன். நீங்க என்ன செஞ்சிய? என்னைக் கூட்டிட்டுப் போய் மிஷின் முன்னால நிப்பாட்டுனிய. அது பூஜ்யம்னு சொல்லிட்டு. உடனே உங்க மூஞ்சியில ஒரு சந்தோசம் பாத்தேன். எவ்வளவு சந்தோசம்! எப்சியும் ஊரெல்லாம் எங்க மதினிக்குச் சொகமாயிட்டுன்னு சொல்லிட்டுத் திரியுதா. மிஷினே இல்லங்குது, நான் இருக்குன்னு சொன்னா, நானா இட்டுக்கட்டிச் சொல்லுத மாதிரி ஆயிராதா?"

"கடிச்சுச் சாப்பிட்டீங்களே மதினி."

"நீங்க யாரும் பாக்காதப்ப கஞ்சி. பாக்கும்போது எல்லாரும் திங்கதத் தின்னேன். எப்படித் தின்னேன்னு கேக்காத."

ஹெப்சிபாவுக்கு இப்போதுதான் விளங்கியது. ஐந்து வருடம் நிற்கும் என்று அவர்கள் கண்டுபிடித்தது வலிநிவாரணம் இல்லை. வலியடக்கம் பழைய ஊசியைப் போலவே மூன்று மாதத்தில் கரைந்துவிட்டது. ஐந்து வருடம் நிற்கப்போவது முகத்தின் மௌனம் மட்டும்தான். வலி போய்விட்டதா என்று பார்க்க அவர்கள் வைத்த கருவியோ முகத்தை மட்டும்தான் படிக்கும். பாதுகாப்புக் குழு கூடிக் கூடிப் பேசியதெல்லாம் விழுங்க முடிகிறதா, மூச்சு வருகிறதா, இமை தொங்குகிறதா என்பதைப் பற்றி. வாயைக் கட்டிவிட்டு, ஏன் கத்தவில்லை என்று பார்த்து ஆளுக்கு நோவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதிலும் முதல் குற்றவாளி தான்தான் என்று நினைத்தபோது, மதினியின் கையைப் பிடிக்கக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ரூபவதிதான் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ நல்லதுக்குத்தான் போட்ட. அழாத பிள்ள" என்றாள் அசையாத முகத்தோடு.

திங்கட்கிழமை காலை ஊசி போட்டுக்கொண்டவர்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிற நாள். காத்திருப்புக் கூடம் நிறைந்திருந்தது. பீடிக் கம்பெனிக்காரர், ரிட்டயர்டு வாத்தியார், பூக்காரம்மா, கல்லூரிப் பெண் என்று பலதரப்பட்டவர்கள், ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இஸ்திரி போட்ட முகம். வாசல் கேமராவுக்கு மேலே ஆள் மாற்றி ஆளுக்குப் பச்சை விளக்கே எரிந்தது. டாக்டர் நிரஞ்சன் சென்னையிலிருந்து விடிகாலையிலேயே வந்திறங்கியிருந்தார். ஹெப்சிபா தன் மதினியின் கதையை அவரிடம் சொல்லி முடித்தாள்.

"வருத்தமா இருக்கு மேடம், நிஜமாவே" என்றார் நிரஞ்சன். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய அம்மாவும் இதே வலியில் பட்டினி கிடந்தவர், அதனால்தான் இந்த வேலைக்கே வந்தார். "ஆனா அது ஒருத்தர் விஷயம். நெஞ்சடைப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லை. வலி திரும்புனது அவங்க உடம்பு வாகா இருக்கலாம். ஒருத்தருக்காக இத நிறுத்தினா, வலியில துடிக்கிற ஆயிரம் பேருக்கு என்ன பதில் சொல்றது? இவ்வளவு பேர் உக்காந்திருக்காங்களே, நீங்களே கேளுங்க. மிஷினே வேண்டாம்."

ஹெப்சிபா கேட்டாள். ஒவ்வொருவராகக் குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வலி இருக்காம்மா?"

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா, உங்க புண்ணியத்துல."

"உங்களுக்கு அண்ணாச்சி?"

"பரவால்ல. தேவலதான்."

"வாத்தியாரய்யா, மறைக்காமச் சொல்லுங்க."

"சேச்சே. மிஷின்ல பூஜ்யம்தான வருது? ஒண்ணுமில்ல."

கூடம் முழுக்க அதே பதில்தான். முகத்தைக் கேட்டால் பூஜ்யம், வாயைக் கேட்டால் ஒண்ணுமில்ல. இவர்களை இனி எங்கே கேட்பது? ஒருவேளை மதினி ஒருத்திக்குத்தானோ என்ற எண்ணம் வந்தது. அப்படி இருந்துவிடக் கூடாதா என்ற ஆசையும் கூடவே வந்தது.

"பாத்தீங்களா?" என்றார் நிரஞ்சன், வெற்றிக் களிப்பு எதுவும் இல்லாமல், ஆறுதலாகவே. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். கூடத்தின் எல்லா மின்விசிறிகளும் நின்றிருந்தன.

"என்ன மேடம் இது, இந்த வேக்காட்டுல இத்தனை பேர உக்கார வச்சிட்டு ஃபேன் கூடப் போடாம" என்று சொல்லிக்கொண்டே அவர் சுவர்ப் பக்கம் போய் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

சுவிட்சை அவர் தொடவில்லை. அதற்குள் கூடத்தில் சரசரவென்று சத்தம் கேட்டது. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் தோளில் கிடந்த துண்டும் மேலே ஏறின. தலைப்போ துண்டோ இல்லாதவர்கள் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாக் கையும் கன்னத்துக்குப் போயிருந்தது.

முகங்கள் மட்டும் அப்படியே அமைதியாக இருந்தன. வாசலில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நிரஞ்சன் நீட்டிய கையை மடக்கவும் இல்லை, முன்னே கொண்டுபோகவும் இல்லை. ஹெப்சிபா போய் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிட்டாள்.

"போட மாட்டோம்" என்றாள் கூடத்தைப் பார்த்து. "யாரும் போட மாட்டோம். கைய எடுங்க."

ஒருவரும் எடுக்கவில்லை.